நஷ்டம் யார் தலையில்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டத்தில் முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்கு நிதிச் சட்டத்தை எடுத்திருக்கிறேன். ஆறு மாதமாகக் கட்டுரைகளாக வாசித்துத் தள்ளுகிறேன். ஒருவர் கட்டுப்பாடு போதாது என்கிறார், இன்னொருவர் கட்டுப்பாடே கேடு என்கிறார். வங்கி விழுந்த பிறகுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த விவாதத்தால் யாருக்கு என்ன பயன்? தலைப்பை மாற்றிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

மாற்றாதீர்கள். கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையையே வாசித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் அலுத்துப்போகும். இந்தத் துறையின் உயிர் வேறொரு கேள்வியில் இருக்கிறது. பணம் போதாமல் போகும் நாளில் யார் முதலில் இழக்க வேண்டும், அதை முடிவு செய்வது யார்?

ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை. சரியும் நிலையில் இருந்த கிரெடிட் சுவிஸ் என்ற சுவிட்சர்லாந்து வங்கியை அந்நாட்டின் இன்னொரு பெரிய வங்கியான யுபிஎஸ் வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. பங்குதாரர்களுக்குச் சுமார் 300 கோடி பிராங்க் மதிப்புள்ள யுபிஎஸ் பங்குகள். ஏடி1 என்ற, நெருக்கடியில் நஷ்டத்தைத் தாங்குவதற்கென்றே வங்கி வெளியிடும் வகைக் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கோ ஒன்றுமில்லை, சுமார் 1,600 கோடி பிராங்க் சுவிஸ் நிதிக் கண்காணிப்பு அமைப்பின் ஒரே உத்தரவில் பூஜ்யமானது. கம்பெனிச் சட்டம் படித்த உங்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். நஷ்டம் வந்தால் முதல் அடி பங்குதாரருக்குத்தானே, கடன் கொடுத்தவருக்குப் பிறகுதானே? ஆனால் பத்திரத்தின் நிபந்தனைகளைப் பிரித்துப் பாருங்கள். வங்கி பிழைக்க அரசின் அசாதாரண உதவி தேவைப்பட்டால் பத்திரம் முழுவதும் தள்ளுபடியாகும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த உதவி என்பது எது என்பதில்தான் வழக்கே. மறுநாளே ஐரோப்பிய ஒன்றியத்தின் வங்கிக் கண்காணிப்பு அமைப்புகள், எங்களிடம் பங்குதான் முதலில் அடிபடும் என்று அறிக்கை விட்டன. 2025 அக்டோபரில் சுவிஸ் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அந்த உத்தரவு சட்டப்படி செல்லாது என்றது. உத்தரவிட்ட கண்காணிப்பு அமைப்பு மேல்முறையீட்டுக்குப் போனது.

இதன் பக்கத்தில் சட்டப் பேராசிரியர் கத்தரினா பிஸ்டோர் 2013-ல் எழுதிய கட்டுரையை வைத்து வாசியுங்கள். நிதி அமைப்பின் ஓரத்தில் இருப்பவரிடம் சட்டம் கறாராக நிற்கும், மையத்தில் இருப்பவருக்கு வளைந்து கொடுக்கும் என்பது அவருடைய வாதம். தவணை தவறிய சாதாரணக் கடனாளிக்கு ஒப்பந்தத்தில் ஓர் எழுத்து மாறாது. கிரெடிட் சுவிஸுக்காக சுவிஸ் அரசின் அவசர ஆணை பிறந்தது, பங்குதாரர் வாக்கெடுப்பே இல்லாமல் இணைப்பு முடிந்தது. வளைவதே தவறு என்று பிஸ்டோர் சொல்லவில்லை. வளையாவிட்டால் நிதி அமைப்பே சரியும் என்றும் அவர் சொல்கிறார். அதை நானும் ஏற்கிறேன். யாருக்காக வளையும் என்பது முன்கூட்டித் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு அநியாயமாகப் படுகிறது.

விழுந்த பிறகுதான் எழுதுகிறார்கள் என்பது பாதிதான் சரி. கட்டுப்படுத்த வந்த அமைப்பு அந்தத் தொழிலின் கைக்குள்ளேயே போய்விடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971-லேயே எழுதிவிட்டார். பொருளியலாளர்கள் அனத் அத்மதியும் மார்ட்டின் ஹெல்விக்கும் வங்கிகளின் சொந்த மூலதனம் மொத்தச் சொத்தில் 20 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும் என்று 2013-ல் வாதிட்டார்கள். பாசல் 3 என்ற சர்வதேச வங்கி விதி கேட்கும் குறைந்தபட்ச அளவு 3 சதவீதம். நூறுக்கு மூன்று! சொத்தின் மதிப்பு மூன்று குறைந்தால் மூலதனம் மொத்தமும் காலி. சொல்ல ஆள் இருந்தார்கள், அதிகாரத்தில் இருந்தவர்கள் காது கொடுக்கவில்லை. அதற்காக வாசிப்பை நிறுத்துவது நியாயமில்லை.

கட்டுரைகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். முதலில் பத்திரத்தின் நிபந்தனைகள், அடுத்து அந்த அவசர ஆணை, பிறகு தீர்ப்பு. அந்த 1,600 கோடியை நீங்கள் யார் தலையில் வைத்திருப்பீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஆய்வின் முதல் அத்தியாயத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.