மொத்தமே 11 டெஸ்ட்தானே?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சனைப் 'பெண் பிராட்மன்' என்று கொண்டாடுகிறார்களே, மொத்தமே 11 டெஸ்ட் ஆடியவருக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா?

பதில்: பொருந்தாத பட்டம்தான், ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. பேட்டிங் மேதையான ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் 52 டெஸ்ட் ஆடி எடுத்த விக்கெட் 2. பெட்டி 11 டெஸ்டில் எடுத்தது 68, அதுவும் விக்கெட்டுக்கு சராசரியாக 12 ரன்கூடக் கொடுக்காமல். பேட்டிங்கில் பிராட்மனின் சராசரியான 99.94 பக்கம் யாரும் போக முடியாது, சரி. பெட்டியின் சராசரி 57.46. பந்துவீச்சுப் பக்கமே போகாத ஒரு பேட்ஸ்மேன் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கக் காலரைத் தூக்கிவிட்டுத் திரியலாம்.

1958 பிப்ரவரியில் மெல்போர்னின் செயின்ட் கில்டாவில் நடந்த டெஸ்டைக் கொஞ்சம் பாருங்கள். எதிரணி இங்கிலாந்து, பிட்ச் ஈரம். ஆஸ்திரேலியா 38 ரன்னுக்கு ஆல் அவுட், அதில் அதிகபட்சமே பெட்டி அடித்த 12தான். கதை முடிந்தது என்று எல்லோரும் மூட்டை கட்டியிருக்க வேண்டியது. அப்புறம் அவர் ஆஃப் ஸ்பின் போட வருகிறார்: 10.3 ஓவர், 8 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 7 ரன், 7 விக்கெட். நடுவில் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் என்று ஒரு ஹாட்ரிக், பெண்கள் டெஸ்டிலேயே அதுதான் முதல் ஹாட்ரிக். இங்கிலாந்து 35-க்குச் சுருண்டது. 38 அடித்த அணிக்கு 3 ரன் முன்னிலை! இரண்டாவது இன்னிங்ஸில் சரியாக 100 அடித்துவிட்டு மறுபடி பந்தை வாங்கி 19 ஓவரில் 9 ரன் கொடுத்து 4 விக்கெட். இங்கிலாந்து 8 விக்கெட்டைப் பறிகொடுத்து எப்படியோ தப்பித்தது, மேட்ச் டிரா. (இவ்வளவு செய்தும் ஜெயிக்கவில்லை, அதுதான் கொடுமை.) அப்போது அவருக்கு வயது 36.

ஒரே டெஸ்டில் சதமும் 10 விக்கெட்டும் எடுத்தவர்களில், ஆண் பெண் இரண்டு பக்கமும் சேர்த்து, அவர்தான் முதல் ஆள். இரண்டாவது, 1979-ல் இங்கிலாந்தின் ஈனிட் பேக்வெல். 1980 பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்தின் இயன் போத்தம் செய்ததைத்தானே நாமெல்லாம் முதல் சாதனை என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்? அவர் வரிசையில் மூன்றாவது.

இதெல்லாம் அகாடமியில் கற்றதில்லை. சின்ன வயதில் அம்மாவின் பழைய காலுறைக்குள் பந்தைப் போட்டுத் துணிக்கொடியில் தொங்கவிட்டு அடித்து அடித்துப் பழகியவர் பெட்டி. பத்து வயதிலேயே காலிங்வுட் பெண்கள் கிளப்பில் சேர்ந்துவிட்டார். உலகப் போர் குறுக்கே வந்ததில் முதல் டெஸ்ட் ஆடும்போது வயது 26. அந்த மேட்ச், 1948-ல் நியூசிலாந்தோடு வெலிங்டனில்: 90 ரன், 10 விக்கெட். நிச்சயமான கல்யாணத்தைக்கூட கிரிக்கெட்டுக்காகத் தள்ளிப் போட்டவர், கடைசிவரை செய்துகொள்ளவே இல்லை.

இப்போது உங்கள் 11-க்கு வருகிறேன். 1951-ல் இங்கிலாந்தில் ஆடிய பிறகு ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்கு அடுத்த டெஸ்ட் 1957-ல்தான் கிடைத்தது. ஒரு ஆட்டக்காரரின் உச்ச வயதில் ஆறு வருடம் காலி. 1948 முதல் 1958 வரை அந்த அணி ஆடிய டெஸ்டே மொத்தம் 11. ஒன்றைக்கூட அவர் விடவில்லை.