லண்டன்ல பெரியவங்களுக்கு சைக்கிள் நிகழ்ச்சி நடத்த கிராண்ட் வாங்கணுமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. தனித்தனியா நிறைய பேர் கேட்டுட்டீங்க, ஒரே பதில இருபது தடவை டைப் பண்றதுக்கு ஒரே இடத்துல உக்காந்து சொல்லிடலாம்னு பாக்குறேன். சொந்த ஊர் புதுக்கோட்டை பக்கம், இப்ப ஈஸ்ட்ஹாம். எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல நம்ம ஏரியா ஆளுங்களுக்கு சைக்கிள் கத்துக்குடுக்குறது, கூட்டிட்டுப் போறதுன்னு ஓடிட்டு இருக்கு. இதுவரைக்கும் ஒன்பது கிராண்டுக்கு, அதாவது இந்த மாதிரி காரியத்துக்கு குடுக்குற நிதி உதவிக்கு, விண்ணப்பம் எழுதிருக்கேன், அஞ்சு கிடைச்சுது, நாலு ஊத்திக்கிச்சு. வக்கீலும் இல்ல அக்கவுண்டண்டும் இல்ல, அத மனசுல வச்சுட்டு கேளுங்க.

வெம்பிளி வாசி: அண்ணா, மொதல்ல இந்தப் பணம் எங்கருந்து வருது? யாருகிட்ட போய் நிக்கணும்?

மூணு வாசல் இருக்கு. ஒண்ணு, வாக்கிங் அண்ட் சைக்கிளிங் கிராண்ட்ஸ் லண்டன். காசு லண்டன் பஸ், ட்ரெயின், ரோடு எல்லாம் பாத்துக்குற டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனோடது, நடத்துறது கிரவுண்ட்வொர்க் லண்டன்ங்குற தொண்டு நிறுவனம். மூணு வருஷம் வரைக்கும் பிரிச்சு 10,000 பவுண்ட் வரை குடுத்திருக்காங்க, லாப நோக்கு இல்லாத குழுக்களுக்கு. ரவுண்ட் ரவுண்டாத்தான் திறப்பாங்க, அதனால மெயில் லிஸ்ட்ல பேர் போட்டு வைங்க. ரெண்டாவது நேஷனல் லாட்டரி, டிக்கெட் வித்த காசுல ஒரு பங்க நல்ல காரியத்துக்கு குடுக்குறாங்க, அதுல அவார்ட்ஸ் ஃபார் ஆல்னு ஒரு திட்டம், 300 பவுண்ட்ல இருந்து 20,000 வரை கேக்கலாம். இது சைக்கிளுக்குன்னு தனியா இருக்குறது இல்ல, ஊர் மக்கள் ஒண்ணு கூடுற எந்த நல்ல காரியத்துக்கும் குடுப்பாங்க. மூணாவது சைக்கிளிங் யூகே, 1878ல ஆரம்பிச்ச சங்கம், அவங்க பிக் பைக் ரிவைவல்னு அரசாங்க போக்குவரத்து துறை காசுல நடத்துன திட்டம் இருக்கு, ஷெட்டுல தூசி பிடிச்சுக் கிடக்குற சைக்கிள வெளிய எடுக்க வைக்கிற நிகழ்ச்சிகளுக்குன்னே. துறை காசு விடுற வருஷத்துல கிடைக்கும், விடலைன்னா இல்ல.

இது போக உங்க கவுன்சில்ல வார்டு அளவுல சின்ன தொகை இருக்கும், 500, 1,000ன்னு. புதுசா ஆரம்பிக்கிறவங்க அங்கருந்து ஆரம்பிங்க. சின்னதா ஒண்ணு ஒழுங்கா முடிச்சுக் காட்டினா அடுத்த பெரிய ஃபார்ம்ல எழுத ஒரு வரி கிடைக்கும்.

டூட்டிங் மச்சான்: ப்ரோ நாங்க பன்னெண்டு பேர் சனிக்கிழமை சனிக்கிழமை சைக்கிள்லயே பாக்ஸ் ஹில் மலைக்கு போய்ட்டு வர்றோம். க்ளப் ஜெர்சிக்கும் ஒரு நல்ல பம்ப்புக்கும் கிராண்ட் கேக்கலாமா?

கேக்கலாம், கிடைக்காது 😄 தப்பா எடுத்துக்காதீங்க. ஏற்கனவே ஓட்டுறவன் இன்னும் கொஞ்சம் ஓட்டுறதுக்கு யாரும் காசு குடுக்க மாட்டாங்க. இந்தப் பணம் சைக்கிளுக்கு இல்ல, சைக்கிள் ஓட்டாத ஆளுக்கு. இது ஒண்ணு மண்டைல ஏறிட்டா மீதி ஃபார்ம் தானா எழுதிக்கும். உங்க பன்னெண்டு பேரும் மாசத்துல ஒரு நாள், பயந்து போய் ரோட்டுக்கே வராத ஆளுங்கள பார்க்குக்குள்ள கூட்டிட்டுப் போறோம்னு முடிவு பண்ணுங்க, அப்ப நீங்க கிராண்ட் கேக்குற ஆளு இல்ல, கிராண்ட் குடுக்க அவங்களே தேடுற ஆளு. ஜெர்சி உங்க காசுலயே வாங்கிக்கோங்க.

ஹாரோ அண்ணை: எங்கட பழைய மாணவர் சங்கம் ஒண்டு இருக்கு, கோயில் ஹோலும் எடுக்கலாம். நாங்கள் விண்ணப்பிக்கேலுமோ? கோயில் எண்டா தரமாட்டினம் எண்டு சொல்லுறாங்கள்.

தாராளமா முடியும் அண்ணை. கோயில் ஹால்ல நடத்துறது பிரச்சினை இல்ல, சமயத்தப் பரப்புற வேலைக்குத்தான் லாட்டரி காசு வராது. எந்த மதத்துக்காரரும் வரலாம்னு நோட்டீஸ்ல ஒரு வரி போடுங்க, நெசமாவே வந்தா கதவு திறந்திருக்கட்டும்.

சங்கம்னா கைல வேண்டியது ரெண்டே ரெண்டு. எழுதி கையெழுத்து போட்ட ஒரு யாப்பு (சங்கத்தோட சட்டதிட்டம்), அப்புறம் சங்கத்து பேர்லயே பேங்க் அக்கவுண்ட். இதுலதான் நம்மாளுங்க மாட்டுறது. லாட்டரி கேக்குறது என்னன்னா கமிட்டில குறைஞ்சது ரெண்டு பேராவது ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லாம, ஒரே வீட்ல இல்லாம இருக்கணும், அக்கவுண்ட்ட கையாளுறதும் அப்படி ரெண்டு பேரா இருக்கணும். எங்க மொத விண்ணப்பம் இதுலயேதான் விழுந்துச்சு (அது லாட்டரி இல்ல, வேற ஒரு இடம்). தலைவர் நான், பொருளாளர் என் மச்சினன், செக்கு கையெழுத்து நாங்க ரெண்டு பேர்தான். சர்நேம் வேற வேறதானே யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன், அட்ரஸ் ஒண்ணா இருந்தத மறந்துட்டேன். நம்ம சங்கங்கள்ல யாருக்கு யார் சொந்தம் இல்லன்னு கண்டுபிடிக்கிறதே பெரிய வேலைதான்.

கணக்குப்புள்ள: ஃபார்ம் எழுதுறதுக்கு ஒரு டிப்ஸ் குடுங்க. "சமூக நல்லிணக்கம், ஆரோக்கியம், சுற்றுச்சூழல்" எல்லாம் போட்டும் ரிஜெக்ட் ஆயிடுச்சு.

அதப் போட்டதாலதான் ஆச்சு. படிக்கிறவங்க மேசைல அன்னைக்கே இருக்குற எல்லா ஃபார்ம்லயும் அந்த மூணு வார்த்தை இருக்கும். நான் ஒரு வருஷம் எழுதி ஊத்திக்கிட்டது: "எங்க பகுதி மக்களோட உடல்நலத்த மேம்படுத்த சைக்கிள் பயணங்கள் நடத்துவோம்". அடுத்த வருஷம் எழுதினது: "ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைகள்ல வேல பாக்குற, நாப்பது வயசுக்கு மேல உள்ள, சைக்கிளே தொட்டுப் பாக்காத 20 பெண்களுக்கு, கடை திறக்குறதுக்கு முன்னாடி ஞாயிறு காலை 8 மணிக்கு, ஆறு வாரம். தமிழ் பேசுற பெண் பயிற்சியாளர். முடியும்போது 12 பேராவது தனியா பார்க்க ஒரு சுத்து சுத்தி வரணும்." ரெண்டாவது பாஸ் ஆச்சு. ஆளு யாரு, ஏன் இதுவரைக்கும் ஓட்டல, நீங்க வந்தா என்ன மாறும், இந்த மூணுதான். ஏன் ஓட்டலன்னு நீங்களா கற்பனை பண்ணாதீங்க, போய் கேளுங்க. நான் ட்ராஃபிக் பயம்னு நினைச்சுட்டு இருந்தேன், கேட்டுப் பாத்தா பாதிப் பேருக்கு "விழுந்தா யாராச்சும் பாத்து சிரிப்பாங்க"ங்குறதுதான் பயம். அதுக்கு ரோட்டுல பாதை போட்டு பிரயோஜனம் இல்ல, காலைல 8 மணின்னு நேரத்த மாத்தினா போதும்.

பட்ஜெட் பாவா: என்னென்ன செலவு காட்டலாம்? டீ, சமோசா எல்லாம் போடலாமா?

போடுங்க, கண்டிப்பா போடுங்க! கூட்டம் ரெண்டாவது வாரமும் வர்றது சமோசாவுக்குத்தான், அத சாப்பாட்டு செலவுன்னு நேரா எழுதுங்க, வெக்கப்படாதீங்க. பயிற்சியாளர் சம்பளம், ரைடு லீடர் (கூட்டத்த கூட்டிட்டுப் போறவர்) ட்ரெய்னிங், ஃபர்ஸ்ட் எய்ட் கோர்ஸ், இன்சூரன்ஸ், மெக்கானிக், ஹால் வாடகை, நோட்டீஸ், வாலண்டியர்களோட பஸ் காசு எல்லாம் வரலாம். ஏற்கனவே செலவு பண்ணத மட்டும் கேக்காதீங்க, முடிஞ்சுபோன செலவுக்கு லாட்டரி குடுக்காது.

சைக்கிள் வாங்குறதப் பத்தி மட்டும் ஒரு எச்சரிக்கை. நாங்க ஒரு கிராண்ட்ல ஆறு சைக்கிள் வாங்கினோம், போட்டோக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒரு வீட்டுப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடி வச்சோம், ஒரு குளிர்காலம் முடிஞ்சு எடுத்தா செயின் எல்லாம் பழுப்பு கலர், ரெண்டக் காணோம். வச்சுக்க பூட்டுன எடம், வருஷ சர்வீஸ், இதுக்கு காசு கேக்காம சைக்கிளுக்கு மட்டும் கேட்டா இதுதான் கதி. இப்ப வாடகைக்கு எடுக்குறோம்.

ரெண்டு பிள்ளை அம்மா: தம்பி எனக்கு 52. சின்ன வயசுல ஓட்ட விடல. இப்ப கத்துக்க முடியுமா, இல்ல இந்த கிராண்ட் எல்லாம் யங்ஸ்டர்ஸுக்கா?

அக்கா, இந்தக் காசே உங்களுக்குத்தான், மேல சொன்ன "ஓட்டாத ஆளு" நீங்கதான்.

எங்க ஊர்க்கதை ஒண்ணு சொல்றேன். 1990கள் ஆரம்பத்துல புதுக்கோட்டைல அறிவொளி இயக்கம் நடந்துச்சு, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த நேரம். எழுத்தறிவு வகுப்போட சேத்து பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்குடுத்தாங்க, ஆயிரக்கணக்குல கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிளே போதுமானது கிடைக்கல, பலபேர் ஜென்ட்ஸ் சைக்கிள்ல பார் போட்டதுலயே கத்துக்கிட்டாங்க. எங்க அத்தையும் அப்படித்தான், சேலைய தூக்கிச் சொருகிக்கிட்டு, மணி கணக்கு வாடகை சைக்கிள்ல. தெருவே கிண்டல் பண்ணுச்சு, ஆறு மாசத்துல அதே தெரு "எங்க வீட்டுக்கும் தண்ணி எடுத்துட்டு வா"ன்னு குடத்த குடுத்து விட்டுச்சு. முப்பது வருஷம் கழிச்சு லண்டன்ல நான் ஃபார்ம்ல எழுதிட்டு இருக்கறது அதேதான்.

முறை ரொம்ப சிம்பிள். பெடல் ரெண்டையும் கழட்டிடுவோம், சீட்ட முழுசா இறக்கிடுவோம், ரெண்டு பாதமும் தரையில பதியணும். காலால தள்ளித் தள்ளி நடக்குற மாதிரி போகணும், மொத அரை மணி அவ்வளவுதான். கண்ண சக்கரத்துமேல வைக்காம தூரத்துல ஒரு மரத்துமேல வைக்கச் சொல்வோம். தள்ளுறதுக்கும் தள்ளுறதுக்கும் நடுவுல காலு தானா தரைல இருந்து எந்திரிக்கும் பாருங்க, அது வந்த நிமிஷம் பேலன்ஸ் வந்தாச்சு, அப்புறம்தான் பெடல் மாட்டுவோம். பின்னாடி யாரும் புடிச்சுட்டு ஓட மாட்டோம். சல்வார்னா கால்கிட்ட ஒரு ரப்பர் பேண்ட் போதும்.

கிராண்ட் வர்றவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், லண்டன்ல நிறைய கவுன்சில் பெரியவங்களுக்கு இலவசமாவோ கொஞ்ச காசுக்கோ ட்ரெய்னிங் தருது. வால்தம் ஃபாரஸ்ட்ல ஆரம்பிச்ச சைக்கிள் சிஸ்டர்ஸ்னு முஸ்லிம் பெண்கள் குழு ஒண்ணு இருக்கு, பெண்களே நடத்துறது. நம்ம பக்கம் ஒண்ணு ஆரம்பிக்கணும்னா அவங்கள ஒரு தடவை பாத்துட்டு வாங்க.

பழைய ஹெர்குலஸ்: சைக்கிள் நிகழ்ச்சி நோட்டீஸ்ல எல்லாம் டாக்டர் பைக்னு போடுறாங்களே, அது என்ன டாக்டர்?

மெக்கானிக்தான் சார், ஒரு மேசை போட்டு உக்காந்து வர்ற சைக்கிள எல்லாம் ஃப்ரீயா பாப்பாரு. எம் செக்னு சொல்வாங்க, முன்சக்கரத்துல ஆரம்பிச்சு ஹேண்டில்பார் ஏறி, பெடல்கிட்ட இறங்கி, சீட்டுக்கு ஏறி, பின்சக்கரத்துல முடிக்கணும், விரலால வரைஞ்சா இங்கிலீஷ் எம் மாதிரி வரும். பிரேக் கட்டை தேஞ்சிருக்கா, டயர்ல காத்து இருக்கா, நட்டு லூஸா, பத்து நிமிஷ வேலை. கூட்டம் சேக்க இத விட மலிவான வழி இல்ல.

க்ராய்டன் குட்டி: ரோட்ல குரூப்பா போக போலீஸ் பர்மிஷன் வேணுமா? யாராவது விழுந்தா?

ரேஸ் வச்சாத்தான் போலீஸ் அனுமதி, சும்மா சேந்து ஓட்டுறதுக்கு தேவையில்ல. பார்க்ல கொடி, மேசை எல்லாம் போட்டு நிகழ்ச்சி மாதிரி நடத்தினா கவுன்சில்ட்ட எழுதிக் கேளுங்க, அவங்களும் நேரம் எடுப்பாங்க. பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (நம்மால அடுத்தவங்களுக்கு அடிபட்டா, நஷ்டம் ஆனா ஈடு கட்டுறது) இல்லாம ஒரு சக்கரமும் உருள வேண்டாம். சைக்கிளிங் யூகேல குழுவா இணைஞ்சா அதோட இன்சூரன்ஸும் வரும், என்னென்ன நிகழ்ச்சி கவர் ஆகும்னு படிச்சுப் பாத்துக்கோங்க.

புது ஆளுங்கள ரோட்டுக்கு கொண்டு போகாதீங்க. நாங்க பெக்டன்ல இருந்து கிரீன்வேல போவோம், காரே கிடையாது, மேடா நேரா போகும். அது விக்டோரியா காலத்து சாக்கடைக் குழாய்மேல போட்ட பாதைன்னு பாதி வழில சொல்லுவேன், எல்லாரும் ஒரே நேரத்துல மூக்க மூடிட்டு ஒத்தக் கையால ஓட்டுவாங்க. இப்ப முடிவுல சொல்றேன்.

மூட்டுவலி முனியாண்டி: ஈ-பைக் வச்சு நடத்தினா ஒத்துப்பாங்களா?

ஒத்துப்பாங்க, மூட்டுவலி உள்ளவங்களுக்குன்னு காரணம் எழுதுங்க. சட்டப்படி 250 வாட், மோட்டார் உதவி மணிக்கு 15.5 மைல் வேகத்தோட நிக்கணும். ஆன்லைன்ல விக்கிற வேகமான கிட் மாட்டுனத கொண்டு வந்தா இன்சூரன்ஸ் காலி. மூணு சக்கர சைக்கிளும் யோசிங்க, தெற்கு லண்டன்ல மாற்றுத்திறனாளிகள் சைக்கிள் ஓட்டுறதுக்குன்னே இருக்குற வீல்ஸ் ஃபார் வெல்பீயிங் அதுலயே பல வருஷ அனுபவம் உள்ளவங்க.

அடையாறு ஆளு: இந்தியால இந்த மாதிரி உண்டா அண்ணே?

இந்த வடிவத்துல நான் பாத்தது இல்ல தம்பி. 2020ல ஒன்றிய அரசு இந்தியா சைக்கிள்ஸ்ஃபார்சேஞ்ச்னு ஒரு போட்டி வச்சுது, நூத்துக்கு மேல நகரங்கள் கலந்துக்கிட்டு, 11 நகரத்துக்கு ஆளுக்கு 1 கோடி ரூபாய். ஆனா அது மாநகராட்சிக்குப் போற காசு, உங்க தெரு குழுவுக்கு இல்ல. அங்க கம்பெனிங்களோட சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்), ரோட்டரி, இப்படித்தான் கதவு தட்டணும்.

கணக்குப்புள்ள (மறுபடியும்): காசு வந்தப்புறம் என்ன ரிப்போர்ட்?

ரசீத அன்னன்னைக்கே போன்ல போட்டோ எடுத்துடுங்க, காகிதம் மங்கிடும். மொத நாளே எல்லார்ட்டயும் ஒரு கேள்வி: "கடைசியா எப்ப சைக்கிள் ஓட்டுனீங்க?" மூணு மாசம் கழிச்சு போன் பண்ணி அதே கேள்வி. இந்த ரெண்டு பதிலுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க ரிப்போர்ட். மொத நாள் கேக்க மறந்துட்டீங்கன்னா அப்புறம் எத எதோட ஒப்பிடுவீங்க? எங்களுக்கு ஒரு வருஷம் அப்படி ஆச்சு, 40 பேர் வந்த போட்டோ இருக்கு, யாரு மாறினாங்கன்னு ஒரு வரி எழுத முடியல. வராம போனவங்களையும் எழுதுங்க, மறைக்காதீங்க.

வெம்பிளி வாசி: கடைசியா ஒண்ணு, மழை வந்தா? ஆறு வாரமும் மழைன்னா காசத் திருப்பிக் குடுக்கணுமா?

ஃபார்ம்லயே ரெண்டு வாரம் எக்ஸ்ட்ரா தேதி போட்டு வச்சுடுங்க, தேதி மாத்தணும்னா முன்னாடியே மெயில் போட்டா பெரும்பாலும் சரின்னுடுவாங்க. ஹாலும் புக் பண்ணி வைங்க. போன அக்டோபர்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு, உள்ளயே உக்காந்து பஞ்சர் ஒட்டக் கத்துக்குடுத்தோம், பக்கெட் தண்ணில ட்யூப முக்கி குமிழி தேடுறது. அன்னைக்கு வந்தது 31 பேரு, சுண்டல் பத்தல.