அடிஷாம் பங்களாவுக்குப் பிள்ளைகளோடு நடந்து போகலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “ஹப்புத்தளை அடிஷாம் பங்களாவைப் பார்க்க ஆசை. 8, 11 வயதுப் பிள்ளைகளும் முழங்கால் நோவுள்ள அம்மாவும் வருவார்கள். டவுனிலிருந்து நடக்கலாமா? அன்றைக்கே கொழும்புக்குத் திரும்பலாமா?”

பிள்ளைகள் தாராளமாக நடப்பார்கள். ஏறக்குறைய 3 கிலோமீற்றர்தான், வாகனம் போகிற ரோடு, ஆனால் ஏற்றம் உண்டு. அம்மாவை ஓட்டோவில் அனுப்பிவிட்டு வாசலில் சந்தியுங்கள். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் படுத்தும், அதனால் திரும்பி வரவும் அதே ஓட்டோக்காரரிடம் நேரம் சொல்லி வையுங்கள்.

அன்றைக்கே திரும்புவது வேண்டவே வேண்டாம். இரத்தினபுரி, பெரகலை வழியாகப் போகிற 99ஆம் இலக்கப் பதுளை பஸ்ஸில் ஒரு பக்கத்துக்கே ஆறு மணித்தியாலம் போய்விடும். ரயில் அதைவிட மெதுவு, மழைக்காலத்தில் மண்சரிவால் நின்றும் போகும், எனவே கோட்டை ஸ்டேஷனில் முதலே விசாரியுங்கள். முதல்நாள் போய் அங்கே தங்கி, காலையிலேயே நடக்கத் தொடங்குங்கள். காலை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மத்தியானத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தால் முன்னால் நிற்கிற மரம்கூட மங்கிவிடும், தெளிந்த காலையிலோ தெற்கே தாழ்நிலம் முழுக்க விரிந்து கிடக்கும்.

எந்த நாள் என்பது இன்னும் முக்கியம். சனி, ஞாயிறு, போயா, பாடசாலை விடுமுறை நாட்களில்தான் பார்வையாளர்களை விடுவார்கள். நான் முதல்முறை ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டிய கேற்றோடு திரும்பினேன், பிள்ளைகளுக்கு அந்த ஏமாற்றம் வரக்கூடாது.

வழியில் தேயிலை, அப்புறம் தங்கமலைக் காடு. மழை பெய்திருந்தால் அட்டை நிச்சயம். சொக்ஸை காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, ஈரச் சவர்க்காரத்தை அதன்மேல் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கடித்தால் பிடுங்காமல் உப்புப் பொட்டலத்தால் ஒற்றுங்கள், தானாக விழும். குறுக்குவழி என்று ரயில் தண்டவாளத்தில் மட்டும் நடக்காதீர்கள், வளைவுகளில் ரயில் வருவது தெரியாது. கொழுந்து எடுக்கிற அக்காமாரைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். இந்த மலைகளைத் தேயிலையாக்கியது நம் மலையக மக்கள்தான் என்பதைப் பங்களாவுக்குப் போய்ச் சேருமுன் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பங்களா கருங்கல்லால் ஆனது, 1931இல் கட்டப்பட்டது. கட்டியவர் தோமஸ் வில்லியர்ஸ், பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் பேரன். பெயர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஓர் ஊருடையது. 1961 முதல் அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். உள்ளே வரவேற்பறை, நூலகம் என்று கொஞ்ச இடம்தான் காட்டுவார்கள். ஜெபம் நடக்கிற வீடு, பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் எவ்வளவு நேரமும் உட்காரலாம், அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்.

வெளியே வரும்போது மடத்துக் கடையில் ஜாம் வாங்குங்கள், அங்கேயே செய்வது. போத்தல்களைத் துவாயில் சுற்றி அம்மாவோடு ஓட்டோவில் அனுப்பிவிட்டால் கைவீசி இறங்கலாம்.