பாஸ்வேர்டைத் தோழியிடம் சொன்ன மகள்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஆன்லைன் விளையாட்டுக் கணக்கின் பாஸ்வேர்டை நெருங்கிய தோழியிடம் சொல்லியிருக்கிறாள். இருவருக்கும் சண்டை வந்தபோது தோழி அதை மாற்றிவிட்டாள். என் மகள் இதைப் பல நாள் எங்களிடம் சொல்லாமல் மறைத்தாள். ஈமெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். இனி அவளுடைய பாஸ்வேர்டுகளை நானே வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: முதலில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஈமெயில் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். மற்ற கணக்குகளில் பாஸ்வேர்ட் மறந்துபோனால், புதிதாக வைப்பதற்கான இணைப்பு ஈமெயிலுக்குத்தான் வரும். விளையாட்டுக் கணக்கையும் பெரும்பாலும் அந்த வழியிலேயே மீட்கலாம். மாற்றிய கையோடு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்திவிட்டு, பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்ட் மட்டும் தெரிந்த ஒருவரால் பிறகு உள்ளே போக முடியாது. வருகிற ஓடிபியையும் யாரிடமும் சொல்லக்கூடாது என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

சரி, மகளுக்கு வருவோம். பதினோரு வயதில் ரகசியத்தைப் பகிர்வதுதான் நட்பு. "அவளை ஏன் நம்பினாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். தோழி கேட்கும்போது மறுப்பதுதான் குழந்தைக்குக் கஷ்டம். அதற்கு ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுங்கள்: "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க." பழியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவள் நட்புக்கு ஒன்றும் ஆகாது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அவள் மறைத்த நாட்கள்தான். கணக்கு பறிபோனால் உடனே தெரிந்தால்தான் மீட்பது சுலபம். திட்டு விழும், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் எந்தக் குழந்தையும் வாயைத் திறக்காது. என்ன நடந்தாலும் வந்து சொன்னால் தண்டனை இல்லை என்று வாக்குக் கொடுங்கள். அடுத்த முறை கோபம் தலைக்கேறும்போதும் அதைக் காப்பாற்றுங்கள்.

பாஸ்வேர்ட் உருவாக்குவதை விளையாட்டாகவே சொல்லித்தரலாம். பெரிய எழுத்து, எண், குறியீடு என்று கலந்து, அடிக்கடி மாற்றச் சொல்லும் பழக்கத்துக்கு, அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி நிறுவனத்துக்காக பில் பர் 2003இல் எழுதிய வழிகாட்டி ஒரு முக்கியக் காரணம். அதற்காக வருந்துவதாக 2017இல் அவரே சொன்னார். அந்த நிறுவனமும் இப்போது நீளத்துக்குத்தான் முதலிடம் தருகிறது. ஆங்கில 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுகிற தந்திரமெல்லாம் திருடும் மென்பொருளுக்குப் பழகிப்போனது. 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் கொண்டுவந்த 'டைஸ்வேர்' முறையை முயன்று பாருங்கள். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பகடையை ஐந்து முறை உருட்டி, வரும் ஐந்திலக்க எண்ணைப் பட்டியலில் பார்த்தால் ஒரு சொல். நான்கு சொற்கள் சேர்ந்தால் 36 கோடி கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் வரும். வெறும் எட்டுச் சிறிய எழுத்துகளுக்கு 21 ஆயிரம் கோடிகூடத் தேறாது. ஆனால் ஒன்று, சொல்லைப் பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடித்த நடிகர் பெயரையும் பிறந்தநாளையும் தோழிகளே ஊகித்துவிடுவார்கள்.

கணக்குக்குக் கணக்கு பாஸ்வேர்ட் வேறாக இருக்க வேண்டும். 2009இல், சமூக வலைதளங்களுக்கான செயலிகளை உருவாக்கிய ராக்யூ நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. இப்படி ஓரிடத்தில் கசிந்ததை மற்ற தளங்களிலும் போட்டுப் பார்ப்பதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாது, அவற்றைப் பூட்டிச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் செயலி போதும். அவள் வயதுக்கு, வீட்டை விட்டு வெளியே போகாத ஒரு நோட்டுப் புத்தகமும் தவறில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஈமெயில் பாஸ்வேர்ட் இப்போதைக்கு உங்களுக்கும் தெரியட்டும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியட்டும். ரகசியமாகத் திறந்து படிக்காதீர்கள். எந்த வயதில் அது அவளுக்கு மட்டும் உரியதாகும் என்று இப்போதே பேசி வையுங்கள். அப்புறம், ஒரே பாஸ்வேர்ட் என்ற வழக்கம் அவளுக்கு வீட்டிலிருந்துதான் வந்தது. ஆகவே அவள் உருட்டி முடித்ததும் பகடையை வாங்கி, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நீங்களும் ஆரம்பியுங்கள்.