செம்மண்ணில் சேதனப் பொசுபரசு: எந்தப் பெறுமானத்தை எழுதுவது?

கேள்வி: வெள்ளவத்தையில் தங்கி முதுமாணி ஆய்வு செய்கிறேன். ஹொரணைப் பக்கத்து இறப்பர் தோட்டச் செம்மண்ணில் சேதனப் பொசுபரசை எரிப்பு முறையில் அளந்தேன். பிறகு சோடியம் ஐதரொட்சைட்டு–ஈடிடிஏ கரைசலில் பிரித்தெடுத்தும் பார்த்தேன். எரிப்பில் வந்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எதை எழுதுவது?

பதில்: கரைசலில் வந்ததை எழுதுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்.

எரிப்பு முறையில் மண்ணின் ஒரு பங்கை 550 பாகை செல்சியசில் சூடாக்கி, இன்னொரு பங்கை அப்படியே வைத்து, இரண்டையும் சல்பூரிக்கமிலத்தில் குலுக்குகிறோம். வித்தியாசம் முழுவதும் சேதனப் பொசுபரசு என்பது கணக்கு. மழையில் கழுவுண்ட செம்மண்ணில் அது பிழைக்கும். இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் இறுகப் பிடித்திருக்கும் அசேதனப் பொசுபேற்று, சூடு பட்டதும் அமிலத்தில் கூடுதலாகக் கரையும். அதுவும் சேதனக் கணக்கில் ஏறிவிடும்.

மற்றக் கரைசலில் 0.25 மோலர் ஐதரொட்சைட்டு சேதனப் பொருளைக் கரைக்கிறது. 0.05 மோலர் ஈடிடிஏ இரும்பையும் அலுமினியத்தையும் கவ்விக்கொள்வதால் அவற்றில் ஒட்டியிருந்த பொசுபரசும் வெளியே வருகிறது. இங்கே தொல்லை நிறம்தான். வடித்த கரைசல் கடும் சாயத் தேநீர் போல இருக்கும். அதிலேயே மொலிப்டேற்று நீலம் (அசேதனப் பொசுபேற்றை நீலநிறமாக்கி அளக்கும் சோதனை) செய்தால், கியூமிக் பொருள், அதாவது மண்ணின் கருமையான மக்கிய பொருள், அமிலத்தில் திரண்டு கலங்கும். கருவி அதையும் நீலமென்றே வாசிக்கும். அசேதனம் கூடி, மொத்தத்திலிருந்து கழித்துப் பெறும் சேதனம் குறைந்துவிடும். உங்கள் இடைவெளியில் ஒரு பகுதி இதனாலும் வந்திருக்கலாம். நன்றாக ஐதாக்குங்கள், ஈடிடிஏ நீலநிறத்தைத் தடுப்பதும் அதில் குறையும். மொலிப்டேற்று சேர்க்காத நிற வெற்று மாதிரி ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனியாக வேண்டும். ஒன்றை எல்லாவற்றுக்கும் கழிக்க வேண்டாம்.

அப்புறம், இந்தக் கழித்தலில் பைரோபொசுபேற்றும் ஒளிந்திருக்கும், அது அசேதனம். ஆகவே ஆய்வேட்டில் ‘மொலிப்டேற்றுடன் தாக்கமுறாத பொசுபரசு’ என்றே எழுதுங்கள். பைட்டேற்றை (விதைகளில் மிகுந்துள்ள சேதனப் பொசுபரசுச் சேர்மம்) தனியாகக் காட்ட வேண்டுமென்றால் பொசுபரசு-31 என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் பொசுபரசுச் சேர்மங்களை வகை பிரித்துக் காட்டும் முறை) வசதி தேட வேண்டும். அதிலும் டைஎஸ்டர் (பொசுபேற்று இரண்டு சேதனப் பகுதிகளை இணைக்கும் வகை) குறைவாகத் தெரிந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்: டைஎஸ்டரான ஆர்.என்.ஏ. காரத்தில் உடைந்து, ஒரு பகுதியோடு மட்டும் இணைந்த மோனோஎஸ்டராகிவிடும்.

காற்றில் உலர்ந்த மண் கொழும்பு ஈரத்தில் மறுபடி நீரை இழுக்கும். நிறுக்கும் நாளிலேயே 105 பாகையில் ஒரு சிறு பங்கை உலர்த்தி, பெறுமானத்தை உலர் எடைக்குத் திருத்துங்கள். வடித்த கரைசலில் அளவு தெரிந்த பொசுபேற்று சேர்த்து மீண்டும் வாசியுங்கள். சேர்த்தது முழுதாகத் திரும்பி வராவிட்டால் இன்னும் ஐதாக்க வேண்டும்.