மடக்குக் கத்தியின் கீல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிறு வயதிலிருந்தே மடக்குக் கத்திகள் மேல் எனக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. சென்ற ஆண்டுதான் முதன்முதலாக ஒன்று வாங்கினேன். டமாஸ்கஸ் எஃகு என்று போட்டிருந்தது. பிளேடு முழுக்க நீரலை போல வரிகள், மான்கொம்புப் பிடி. மூன்றே மாதத்தில் பிளேடு இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிட்டது. இரண்டு முறை கல்லில் தீட்டியதும் தீட்டிய இடத்தில் வரிகள் மறைந்துவிட்டன. இனி நல்லதாகப் பார்த்து வாங்கிச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். விசாரித்தால் ஆளுக்கொரு எஃகின் பெயரைச் சொல்கிறார்கள். எந்த எஃகு நல்லது? எந்த நிறுவனம்? புதியது வாங்குவதா, பழையதா? வாங்கியதைப் பயன்படுத்தலாமா, பெட்டியில் வைத்துவிட வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்விகளில் எஃகு முதலில் வருகிறது, கீல் வரவே இல்லை. உங்கள் கத்தி கெட்டதோ கீலில். புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். நானும் முதல் சில வருடங்கள் எஃகின் பெயரைப் பார்த்துத்தான் வாங்கினேன். நேர்க்கத்தியில் பிளேடும் பிடியும் ஒரே துண்டு மாதிரி. மடக்குக் கத்தியிலோ, அசைய வேண்டிய ஒரு பாகத்தை அசையக் கூடாத நேரத்தில் அசையாமல் பிடித்து வைக்கவேண்டும். அந்த வேலை முழுவதும் கீல் இருக்கும் அரை அங்குல இடத்தில் நடக்கிறது. செய்தவரின் கைத்திறனை அங்கேதான் பார்க்கலாம்.

பூட்டு இல்லாத சாதாரண ஸ்பிரிங் கத்தி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிடியின் முதுகில் ஓடும் எஃகுப் பட்டைதான் ஸ்பிரிங். பிளேடின் அடிப்பகுதியில் தட்டையான பக்கங்கள் இருக்கும். மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் முனை ஒரு பக்கத்தில் படுத்து அழுத்துகிறது, திறந்ததும் இன்னொரு பக்கத்தில். சில கத்திகளில் நடுவழியிலும் ஒரு தட்டைப் பக்கம் உண்டு. பிளேடு பிடிக்குச் செங்குத்தாக வந்து ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே போகும். கத்தியை முழுக்கத் திறந்து, பிளேடின் முதுகிலிருந்து பிடியின் முதுகு வரை நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டக் கூடாது. மூடிவிட்டும் அதே சோதனை. நடுவழியில் நிற்கிற கத்தி என்றால் அங்கேயும். மூன்று நிலையிலும் ஸ்பிரிங் பிடியோடு ஒரே மட்டமாக நின்றால், அதை அரம் வைத்து இழைத்தவர் பொறுமையாக இழைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்குக்கும் அதன் இருபுறமுள்ள பித்தளைத் தகடுகளுக்கும் நடுவே ஒளி கசியக் கூடாது. மூடிய கத்தியில் பிளேடு நடுவில் நிற்க வேண்டும், எந்தத் தகட்டையும் உரசக் கூடாது. பிறகு காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்து மூடுங்கள். நல்ல ஸ்பிரிங் கத்தி கடைசியில் 'டக்' என்று தெளிவாக ஒரு சத்தம் போடும். மந்தமாக, சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கீலில் அழுக்கும் சேர்ந்திருக்கலாம். நகத்தை உடைக்கிற அளவு விறைப்பாக இருப்பதும் நல்லதில்லை. அப்படிப்பட்ட கத்தி விரலை வெட்டும்.

பூட்டு வைத்த கத்திகளில் பார்க்க வேண்டியது வேறு. உள்தகடே பக்கவாட்டில் நகர்ந்து பிளேடின் அடியில் முட்டுக்கொடுக்கிற வகை இன்று மிகப் பரவலாக இருக்கிறது. புதுக் கத்தியில் அந்தத் தகடு பிளேடு அடியின் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே வந்து நிற்க வேண்டும். பயன்படுத்தப் பயன்படுத்த அது உள்ளே நகரும். வாங்கும்போதே மறுகோடி வரை போயிருந்தால் தேய்வதற்கு இடமே மிச்சமில்லை. அதை வாங்காதீர்கள். விரல்கள் கூர்ப்பக்கம் போகாதபடி பிடித்துக்கொண்டு, பிளேடின் முதுகில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும் துளி ஆட்டம் இருந்தாலும் பூட்டு சரியில்லை. பக்கவாட்டு ஆட்டம் கீலின் திருகை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். மேல்கீழ் ஆட்டம் அப்படிச் சரியாகாது.

சரி, எஃகு. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல ஏறத்தாழ 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். கார்பன் எஃகில் அது கிட்டத்தட்ட இருக்காது, அதனால் துருப்பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தீட்டலாம், கூர் மெல்லியதாக வரும், நாளடைவில் பிளேடில் சாம்பலும் நீலமுமாக ஒரு நிறம் ஏறும். எனக்கு அந்த நிறம் பிடிக்கும், அதைத் தேய்த்து எடுக்கச் சொன்னால் மனம் வராது. கடினத்தை ராக்வெல் எண்ணில் சொல்வார்கள். சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் பிளேடுகள் 56 பக்கம் இருக்கும், எஸ்30வி போன்ற உயர்ரக எஃகுகள் 60ஐ ஒட்டி. எண் ஏறினால் கூர் அதிக நாள் நிற்கும், தீட்டுவதற்கும் அதிக நேரமாகும். புதியவருக்கு 56 நல்ல ஆசிரியர். கல்லில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நீங்கள் செய்கிற தப்பும் சரியும் உடனே தெரியும். இன்னொன்று, ஒரே பெயருள்ள எஃகை இருவர் காய்ச்சிப் பதம் கொடுத்தால் இரண்டு வேறு கத்திகள் வரும். பெயரைவிடப் பதம் பெரிது.

உங்கள் டமாஸ்கஸ் பற்றி ஒரு விளக்கம். தீட்டிய இடத்தில் வரிகள் மறைந்ததை மட்டும் வைத்து அது போலி என்று சொல்லிவிட முடியாது. பல அடுக்கு எஃகைக் காய்ச்சி ஒட்டிச் செய்த நிஜமான பிளேடிலும் வரிகள் கண்ணுக்குத் தெரிவது அமிலம் அரிப்பதால்தான். தீட்டினால் அந்த இடம் வெளுக்கும். ஃபெரிக் குளோரைடு கரைசலில் மறுபடி நனைத்தால் நிஜமானதில் வரிகள் திரும்பிவரும், மேலே மட்டும் அச்சிட்டதில் வராது. அதைவிட எளிய வழி பிளேடின் முதுகைப் பார்ப்பது. நிஜமான அடுக்குகள் முதுகைத் தாண்டி மறுபக்கம் போகும். முதுகு மொழுக்கென்று இருந்து இரு பக்கமும் மட்டும் வரிகள் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எந்த நிறுவனம் என்று கேட்டீர்கள். முதல் வருடத்துக்கு மூன்று கத்திகள் சொல்கிறேன், ஒவ்வொன்றும் ஒன்றைக் கற்றுத்தரும். முதலாவது ஒபினெல் எட்டாம் எண். இந்த வகைக் கத்தியை ஜோசப் ஒபினெல் 1890ல் பிரான்சின் சவாய் பகுதியில் செய்யத் தொடங்கினார். மரப்பிடி, 8.5 செ.மீ. பிளேடு, கழுத்தில் சுழலும் ஓர் உலோக வளையம். அந்த வளையப் பூட்டு 1955ல் வந்தது. ஒருமுறை நான் இதை ஈரத்தில் வைத்துவிட்டேன். பிடி ஊறி உப்பி, பிளேடு வெளியே வரவே இல்லை. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் பின்கோடியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் பிளேடின் முனை எட்டிப் பார்க்கும். சவாய்க்காரர்கள் வழக்கமாகச் செய்வது அதுதான். மரமும் எஃகும் ஒரே கீலில் எப்படிப் பழகுகின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கார்பன் எஃகில் வருவதை வாங்குங்கள்.

இரண்டாவது ஒரு சுவிஸ் கத்தி. கார்ல் எல்செனர் 1884ல் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். அது 1891ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது, 1897ல் ராணுவ அதிகாரிகளுக்கான கத்தி வந்தது. நான்கைந்து கருவிகள் மட்டும் உள்ள மெல்லிய ஒன்றை எடுத்து, ஒரே ஸ்பிரிங்கின் இரு முனையிலும் கருவிகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒரே இறுக்கத்தில் திறக்கும். விலை குறைந்த போலிகள் தோற்பது அதில்தான். மூன்றாவது பக் 110, அமெரிக்காவில் 1964ல் வந்தது. முதுகில் பூட்டு, முன்னும் பின்னும் பித்தளை, சுமார் 200 கிராம். பையில் வைத்துத் திரிய எனக்கு அது கனம் அதிகம். ஆனால் முதுகுப் பூட்டு எப்படி விழ வேண்டும் என்று கை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கத்தி தெரியவில்லை.

ஜப்பானின் ஹிகோனோகாமி என்று ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங் கிடையாது, பூட்டு கிடையாது. மடித்த பித்தளைத் தகட்டுக்குள் உராய்வில் நிற்கும் பிளேடு, கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள ஒரு சின்ன வால். மூன்றையும் பழகிய பிறகு அதையும் ஒருநாள் பாருங்கள், ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், பெயரை மட்டும் நம்பி வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. லாகியோல் என்பது தெற்கு பிரான்சில் ஒரு ஊரின் பெயர், நெடுங்காலமாக யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் பொறித்து வந்தார்கள். அந்த வகைக் கத்தியின் அடையாளமாக ஸ்பிரிங்கின் மேல் ஒரு தேனீ உருவம் இருப்பதாலேயே நல்ல கத்தி ஆகிவிடாது. சோலிங்கன் அப்படியில்லை. அந்த ஜெர்மன் நகரத்தின் பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு.

பழைய கத்திகளுக்கு வருவோம். கொஞ்ச நாள் பொறுங்கள், ஆறு மாதமாவது புதியவற்றைப் பழகிவிட்டுப் போங்கள். பழைய கத்தியில் முதலில் பார்க்க வேண்டியது பிளேடில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று. பல வருடம் தீட்டியதில் பிளேடு மெலிந்து வளைவு மாறியிருக்கும். மூடினால் முனை பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஒடிந்த முனையை யாரோ புதிதாக இழைத்திருக்கலாம் அல்லது பிளேடையே மாற்றியிருக்கலாம். அடுத்தது பிளேடின் அடியில் பொறித்திருக்கும் நிறுவன முத்திரை. அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970ல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகள் வைத்து, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. அந்த வரிசையில் ஏழு புள்ளி என்றால் 1973. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அந்தப் புள்ளிகளை எண்ணி ஒரு கத்தியின் வருடத்தைக் கண்டுபிடிக்கும்போது வருகிற மகிழ்ச்சி இன்றும் எனக்குக் குறையவில்லை. முத்திரையின் விளிம்புகள் மழுங்கி, பிளேடு மட்டும் கண்ணாடி மாதிரி மின்னினால் மெருகுச் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார்கள். சேகரிப்பவருக்கு அதில் பாதி மதிப்பு போய்விட்டது. உங்கள் கைக்கு வரும் பழைய கத்தியையும் தயவுசெய்து பளபளப்பாக்காதீர்கள். செந்துருவை எண்ணெய் தொட்டு மெதுவாக எடுங்கள், சாம்பல் நிறத்தை விட்டுவிடுங்கள்.

இதில் நான் இழந்ததைச் சொல்ல வேண்டும். ஆமை ஓட்டின் நிறத்தில் செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) பிடி போட்ட ஒரு பழைய கத்தியை மற்ற ஆறு கத்திகளோடு மூடிய மரப்பெட்டியில் வைத்திருந்தேன். சில மாதம் திறக்கவில்லை. திறந்தபோது மூக்கில் ஏறுகிற நெடி. அதன் பித்தளைத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது, பக்கத்தில் படுத்திருந்த இரண்டு கத்திகளின் பிளேடுகள் செந்துருவாகிக் கிடந்தன. பழைய செல்லுலாய்டு சிதையும்போது அமில ஆவி விடுகிறது, அது தன் பிளேடை மட்டுமல்ல, அருகில் இருப்பதையும் தின்னும். தீப்பற்றக்கூடியதும்கூட. அந்த வகைப் பிடி உள்ளவற்றைத் தனியாக, காற்றோட்டமாக, வெயில் படாமல் வையுங்கள். தோல் உறைக்குள்ளும் நாள்கணக்கில் எதையும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீலுக்கு மாதம் ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும். சமையல் எண்ணெய் பிசினாகிவிடும்.

பயன்படுத்தலாமா என்றால், முதல் மூன்றையும் தினமும் பயன்படுத்துங்கள். பழையவற்றைத் தீட்டாமல் வையுங்கள், வாரம் ஒருமுறை திறந்து மூடுங்கள். வெளியே எடுத்துப்போவதற்கு முன் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். விமானத்தில் கைப்பையில் வேண்டவே வேண்டாம்.

உங்கள் பழைய டமாஸ்கஸ் கத்தியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கீலில் இருப்பது திருகா, ரிவெட்டா என்று பாருங்கள். திருகு என்றால் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் வைத்துக் கழற்றுங்கள். பிளேடுக்கு இருபுறமும் வாஷர் இருக்கிறதா, பித்தளையா பிளாஸ்டிக்கா, எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது, ஆணி துளைக்குள் இறுக்கமாகப் போகிறதா, ஆடிக்கொண்டு போகிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.