ஒரே விலையில், பருவத்துக்குப் பருவம் மாறும் சாப்பாடு டெல்டாவில் எங்கேனும் கிடைக்குமா?

கிடைக்கும். நீங்கள் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற கடைதான் அது.

பிரான்சில் ஒரு விலை கொடுத்தால் முன்னுணவு, பிரதான உணவு, இனிப்பு என்று வரிசையாக வரும், பருவம் மாறினால் பட்டியலும் மாறும், அதுபோல நம் பக்கம் உண்டா, எந்த மாதம் வந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ நடுத்தரமான ஒரு மெஸ்ஸில் போய் உட்காருங்கள். கல்லாவில் டோக்கன் வாங்கியதோடு உங்கள் பொறுப்பு தீர்ந்தது. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்கிற வரிசை மாறாது. அதற்குள் விழுகிற காய்தான் மாறும். என்ன வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. போதுமா என்று மட்டும் கேட்பார்கள்.

மருந்து கம்பெனி வேலையாக இந்த ஊர்களைச் சுற்றுகிறவன் நான். மதியச் சாப்பாடு பெரும்பாலும் மெஸ்ஸில்தான்.

வெளிநாட்டு உணவகங்கள் பருவச் சமையலை ஒரு கொள்கையாகவே அறிவிக்கின்றன. இங்கே அறிவிப்பு கிடையாது, கணக்குதான். பக்கத்து வங்கி ஊழியர், கோர்ட்டு குமாஸ்தா, மாதக் கணக்கில் சாப்பிடும் வாத்தியார், எல்லாரும் ஐந்து ரூபாய் ஏறினாலே முகம் சுளிப்பவர்கள். ஆகவே விலை அசையாது, காய் நகரும். சித்திரையில் சாம்பாரில் கரண்டி போட்டால் முருங்கைக்காய்தான் வரும். கார்த்திகையில் அதே வாளியில் தேடினாலும் கிடைக்காது. ஒரு முறை கேட்டேவிட்டேன். “கிலோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது தம்பி, வேண்டுமானால் வாசனை காட்டுகிறேன்” என்றார் பரிமாறுகிறவர், சிரிக்காமல்.

இன்னொன்றும் இருக்கிறது. நெற்களஞ்சியம் என்று பெருமை பேசுகிறோமே, சம்பா நிற்கிற மாதங்களில் வயலெல்லாம் தண்ணீரும் நெல்லும்தான். காய்க்கு அங்கே இடமில்லை. காவிரி, கொள்ளிடக் கரைப் படுகைகளில்தான் வாழையும் கத்தரியும் வெண்டையும் விளையும். ஆடியில் ஆறு பெருகினாலும், ஐப்பசியில் மழை அடித்தாலும் முதலில் முங்குவது அந்தப் படுகைதான். அப்போது திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் லாரி வந்தால்தான் அடுப்பு எரியும். லாரியில் வருவது பெரும்பாலும் முட்டைக்கோஸ், சௌசௌ, பீட்ரூட். முட்டைக்கோஸ் பொரியல் வைக்கிற நாளில் சரக்கு மாஸ்டரின் முகத்திலேயே உற்சாகம் இருக்காது.

எந்த மாதம் என்ற கேள்விக்கு எல்லாரும் தை, மாசி என்பார்கள். தவறில்லை. அவரை, பச்சை மொச்சை, கொத்தவரை, சேனை, பரங்கி எல்லாம் நாட்டுக்காயாக மலிந்து கிடக்கும். பரங்கிக்காய் பால் கூட்டு நன்றாக அமைந்த அன்று ரசத்துக்கு முன்பே இன்னொரு முறை கூட்டு கேட்பவர்களைப் பார்க்கலாம். பங்குனி, சித்திரையில் மாவடு, மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம். வேப்பம்பூவை நெய்யில் கருக வறுத்து, பரிமாறும் நேரத்தில் ரசத்தில் தூவ வேண்டும். காலையிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் கஷாயம்தான் மிஞ்சும்.

ஆனால் என் ஓட்டு மழைக்காலத்துக்கு. ஐப்பசி கடைசியிலிருந்து கார்த்திகை வரை வாருங்கள். காய் மலிவாக இருக்கும்போது யார் சமைத்தாலும் ருசிக்கும். மார்க்கெட் காலியாக இருக்கும்போது, அதே விலைக்கு, அதே நான்கு சுற்றையும் நிறைவாகக் கொடுப்பவர்தான் கைகாரர். அந்த நாட்களில் வற்றல் டப்பாக்கள் இறங்கும். கோடையில் மோரில் ஊறி மொட்டை மாடியில் காய்ந்த மணத்தக்காளியும் சுண்டைக்காயும் நல்லெண்ணெயில் பொரிந்து, பழைய புளியில் கறுத்த குழம்பாக வரும். காயே தேவையில்லாத அப்பளக் குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு எல்லாம் வரிசைகட்டும்.

பருப்பு உருண்டைக் குழம்பை வைத்தே ஒரு மெஸ்ஸை எடை போட்டுவிடலாம். துவரம்பருப்பை மிளகாய், பெருங்காயத்தோடு கெட்டியாக அரைத்து உருட்ட வேண்டும். பயந்தவர்கள் ஆவியில் வேகவைத்துப் பிறகு குழம்பில் போடுவார்கள். தேறிய மாஸ்டர் பச்சை உருண்டையை நேராகக் கொதிக்கிற குழம்பில் விடுவார். ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கரண்டி படாமல் காத்திருப்பார். வெந்தது தானாக மேலே வரும். அரைப்பில் தண்ணீர் கூடியிருந்தால் உருண்டை கரைந்து குழம்பு கூழாகிவிடும். இலையில் விழுந்ததும் விரலால் அழுத்திப் பாருங்கள். பிளந்து உள்ளேயும் புளி இறங்கியிருந்தால் அந்தக் கடையை விடாதீர்கள்.

அரிசி விஷயத்தில் பருவத்தை நம்ப வேண்டாம். தையில் அறுவடை ஆன புது அரிசி பொங்கலுக்குச் சரி. பந்திச் சாதத்துக்கு ஆகாது, குழைந்துபோகும். பழைய அரிசிதான் உதிரியாக நிற்கும், உலையில் பெருகவும் செய்யும். எனவே மெஸ்காரர் விலை சற்றுக் கூட இருந்தாலும் அதைத்தான் வாங்குவார். உளுந்தோ நேர்மாறு. சம்பா, தாளடி நெல் அறுப்புக்குச் சில நாள் முன்பு வயல் ஈரத்திலேயே விதைக்கிற உளுந்து, பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வரும். புது உளுந்து ஆட்டுக்கல்லில் பொங்கும், பழசு பொங்காது. அந்த இரண்டு மாதம் மட்டும் சாப்பாட்டோடு வடை கொடுத்தால் மறுக்காதீர்கள்.

மீன் சாப்பாடு தேடி நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தைக் கவனிக்க வேண்டும். விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு மீன் வரும், கொஞ்சமாக வரும், விலையும் ஏறும். ஒரே விலைச் சாப்பாட்டில் அப்போது குழம்பு மீன் குழம்புதான், ஆனால் துண்டு சுருங்கிவிடும். புரட்டாசியில் அசைவக் கடை காற்றாடும். சைவ மெஸ்ஸில் வாசல் வரை நிற்பார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று மெஸ் பக்கமே போகாதீர்கள். ஆற்றங்கரையில் சித்ரான்னத் தூக்கோடு உட்கார்ந்திருக்கிற ஏதாவதொரு குடும்பம் உங்களையும் கூப்பிடும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்திருந்தால் ஆற்றில் தண்ணீரும் ஓடும்.

கடைப் பெயர் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். நான் விரும்பிச் சாப்பிட்ட ஒரு கடை வீடியோவில் வந்தது. அடுத்த மாதமே எட்டு வகைக் கூட்டு, பொரியல் என்று பலகை வைத்தார்கள். எட்டும் வருஷம் முழுவதும் மாறாமல் வந்தன, ஒன்றும் வாயில் வைக்க முடியவில்லை. பொதுவான அடையாளம் சொல்கிறேன்: கடைக்குள் உள்ளூர்க்காரர் அதிகம் இருக்க வேண்டும், வாசலில் எடுப்புச் சாப்பாட்டுக்கு அடுக்குத் தூக்குகள் வரிசையாக இருக்க வேண்டும். 12.30 மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் ரசத்தில் வெந்நீர் சேரும். எவ்வளவு நல்ல கடையானாலும் சேரும்.

முகூர்த்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அன்று காயும் கிடைக்காது, இலையும் கிடைக்காது. கிழிந்த வாழை ஏட்டில் ரசத்துக்கு அணை கட்டியே பாதி நேரம் போய்விடும். அமாவாசை அன்று போகலாம்: நிறைய பேர் வீட்டில் சாப்பிடுவதால் கூட்டம் குறைவு, பல மெஸ்களில் வெங்காயம், பூண்டு இல்லாமல் வாழைக்காயும் புடலங்காயும் சமைப்பார்கள், பரிமாறுகிறவருக்கும் உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரமிருக்கும். நாளைக்கு என்ன காய் என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.